மலைக்குப் போன குழாயும் தோட்டத்தில் நின்ற குழாயும்: 1648ஆம் ஆண்டின் ஒரு நிகழ்வு ஆய்வு

## நிகழ்வு

1648 செப்டம்பர் 19, சனிக்கிழமை. பிரான்சின் நடுப்பகுதியில் ஓவெர்ன் மாகாணத்துக் கிளெர்மோன் நகரம். அங்குள்ள வரி வழக்கு மன்றத்தின் மூன்று நீதிபதிகள், இரண்டு பாதிரியார்கள், ஒரு மருத்துவர் எனச் சிலர் கண்ணாடிக் குழாயையும் பாதரசத்தையும் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த பூய்-து-டோம் மலையில் ஏறினார்கள். அது அணைந்த எரிமலை என்பது அப்போது யாருக்கும் தெரியாது; அதைக் கண்டுபிடிக்க இன்னும் நூறு வருடம் ஆனது. மாலையில் இறங்கி வந்தபோது, குழாயில் பாதரசம் அடிவாரத்தை விட உச்சியில் எவ்வளவு தாழ்ந்து நின்றது என்று சொல்லும் ஓர் எண் அவர்கள் கையில் இருந்தது: 3 அங்குலம் 1½ நூல்.

அந்த எண் எப்படிக் கிடைத்தது, அதற்காக யார் என்ன முடிவெடுத்தார்கள், எதில் கோட்டை விட்டார்கள் என்பதை வரிசையாகப் பார்க்கலாம். வேலையைக் கொடுத்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் பிளேஸ் பாஸ்கல். அவர் பெயரை மறைத்தாலும் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மலை ஏறியவர்களை மட்டும் அவரவர் பொறுப்பால் குறிப்பிடுகிறேன். தலைமை தாங்கிய நீதிபதி பாஸ்கலுடைய அக்காவின் கணவர். அவரை அத்தான் என்றே சொல்லிவிடுகிறேன்.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்த் தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அன்றைய பிரெஞ்சுக்காரர்கள் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கையும் நூல் என்றே எழுதுகிறேன், ஏறத்தாழ 2.26 மில்லிமீட்டர். உயரத்துக்கு அவர்கள் வைத்திருந்த அளவு துவாஸ். ஒரு துவாஸ் ஆறு அடி, இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

## பின்னணி

உறிஞ்சு பம்பை எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏறாது. பம்போடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. கலிலியோ 1638இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். பள்ளிகளில் சொல்லிக்கொடுத்த விளக்கம் வேறு: இயற்கைக்கு வெற்றிடம் என்றால் ஆகாது, அதனால்தான் தண்ணீர் மேலே ஓடி இடத்தை நிரப்புகிறது. சரி, ஆகாது என்றால் அந்த வெறுப்பு 10 மீட்டரோடு ஏன் நின்றுவிடுகிறது?

1644இல் ஃபுளோரன்ஸிலிருந்து இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி எழுதிய கடிதத்தில் வேறொரு பதில் இருந்தது. நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம், அந்தக் கடலின் எடைதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது என்பது அவர் கருத்து. சோதிக்க அவர் எடுத்துக்கொண்டது தண்ணீரை விட ஏறத்தாழ 14 மடங்கு கனமான பாதரசம். ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயை அதனால் விளிம்பு வரை நிரப்பி, வாயை விரலால் அடைத்து, தலைகீழாகத் திருப்பி, பாதரசம் உள்ள கிண்ணத்தில் முக்கி விரலை எடுக்க வேண்டும். குழாயில் உள்ளது சடாரென்று இறங்கி, முக்கால் மீட்டர் உயரத்தில் ஆடி ஆடி நின்றுவிடும். மேலே காலி இடம். அந்தக் காலி இடத்தில் என்ன இருக்கிறது என்று ஐரோப்பாவே அடித்துக்கொண்டது.

இந்தச் செய்தியைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் மெர்சென் என்ற துறவி. மினிம் என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபையைச் சேர்ந்தவர். ஆய்வுச் சங்கங்களும் ஆய்விதழ்களும் இல்லாத காலத்தில், பாரிஸ் மடத்தில் உட்கார்ந்தபடி ஐரோப்பாவின் அறிஞர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, ஒருவர் செய்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பாரிஸில் இந்தச் சோதனையைச் செய்ய முடியவில்லை. நல்ல குழாய் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். நல்ல கண்ணாடிப் பட்டறைகள் இருந்தது ரூவான் நகரத்தில். அங்கே வரி அதிகாரியாக இருந்தவர் பாஸ்கலின் அப்பா. அவருடைய கணக்கு வேலைக்காகவே மகன் கூட்டல் இயந்திரம் செய்திருந்தார். 1646 இலையுதிர் காலத்தில் ரூவானில் இந்தச் சோதனை நடந்தபோது மகனுக்கு வயது 23.

அப்புறம் மகன் சும்மா இருக்கவில்லை. 46 அடி நீளக் குழாய்களைக் கப்பல் பாய்மரத்தில் கட்டி நிறுத்தி, ஒன்றில் தண்ணீரும் இன்னொன்றில் சிவப்பு ஒயினும் ஊற்றிக் காட்டினார். மேலே உள்ள காலி இடத்தில் திரவத்தின் ஆவிதான் நிற்கிறது என்று வாதிட்டவர்களிடம் முன்கூட்டியே கேட்டார்: ஒயினுக்கு ஆவி அதிகமாயிற்றே, அப்படியானால் எது கீழே இறங்கும்? ஒயின்தான் என்றார்கள். ஒயின் தண்ணீரை விட லேசானது என்பதால் மேலே நின்றது.

1647 அக்டோபரில் இந்தச் சோதனைகளைச் சிறு பிரசுரமாக வெளியிட்டார். உடனே பாரிஸின் கிளெர்மோன் கல்லூரித் தலைவரான ஓர் இயேசு சபைப் பாதிரியார் மறுத்து எழுதினார். (கல்லூரிக்குத்தான் கிளெர்மோன் என்று பெயர், நம் கதை நடக்கிற ஊரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடந்ததைக் கவனிக்க வேண்டும். பாதரசத்தைத் தாங்கிப் பிடிப்பது எது என்பது ஒன்று. மேலே உள்ள இடம் உண்மையிலேயே வெறுமையா என்பது இன்னொன்று. தத்துவ அறிஞர் டெகார்ட் காற்றின் எடையை ஏற்றுக்கொண்டார், வெற்றிடத்தை ஏற்கவில்லை. கண்ணாடி வழியாக நுண்பொருள் புகுந்து நிரப்பிவிடுகிறது என்றார். பாஸ்கலின் தலையில்தான் வெற்றிடம் அதிகம் என்று ஒரு கடிதத்தில் கிண்டலும் அடித்திருக்கிறார். மலைச் சோதனையால் தீர்க்க முடிவது முதல் கேள்வியை மட்டும்தான். பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, ‘வெற்றிடம் உண்டு என்று பாஸ்கல் மலையேறி நிரூபித்தார்’ என்று எழுதிவிடுகின்றன. அவர் ஏறவும் இல்லை, அந்தச் சோதனை அதை நிரூபிக்கவும் இல்லை.

## அந்த வருடத்து நிலவரம்

முப்பதாண்டுப் போர் அதன் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. வெஸ்ட்ஃபாலியா ஒப்பந்தம் 1648 அக்டோபர் 24இல் கையெழுத்தானது. ஆனால் போருக்காக ஏற்றிய வரிச்சுமை பிரான்சை உள்ளேயிருந்து வெடிக்க வைத்தது. அரசன் பத்து வயதுச் சிறுவன். ஆட்சி தாயிடமும் கார்டினல் மஸாரினிடமும். மே மாதம் பாரிஸின் உயர் மன்றங்கள் ஒன்றுகூடி அரசுக்கு எதிராக நின்றன. அவற்றில் பாரிஸின் வரி வழக்கு மன்றமும் ஒன்று. கோடையில் மாகாணங்களின் அரசு அதிகாரிகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. ஆகஸ்ட் 26இல் ஒரு நீதிபதியைக் கைது செய்யப்போய், இரண்டே நாளில் பாரிஸ் தெருக்களெல்லாம் தடுப்பு அரண்கள் எழும்பின. ஃப்ரோண்ட் என்கிற உள்நாட்டுக் கலகத்தின் தொடக்கம் அது.

கிளெர்மோனில் மலையேறிய மூன்று நீதிபதிகளும் அதே வகையான மன்றத்தில் உட்கார்ந்தவர்கள். தலைநகரில் இவர்களுடைய இணைகள் அரசோடு மோதிக்கொண்டிருந்த மாதத்தில் இவர்கள் பாதரசத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அரசியலில் அக்கறையில்லாதவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சாட்சியை எடைபோடுவதும், எதையும் எழுத்தில் கேட்பதும் அவர்களுடைய தொழில். அந்தத் தொழிற்பழக்கம் மலையிலும் தெரிகிறது.

## எடுத்த முடிவுகள்

1647 நவம்பர் 15 தேதியிட்ட கடிதத்தில் பாஸ்கல் அத்தானிடம் வேலையை ஒப்படைக்கிறார். வாதம் எளிமையானது. மலையடிவாரத்தை விட உச்சியில் பாதரசம் தாழ்ந்து நின்றால், காரணம் காற்றின் எடையாகத்தான் இருக்க வேண்டும். உச்சியில் காற்று குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இயற்கை உச்சியில் ஒரு மாதிரியும் அடிவாரத்தில் ஒரு மாதிரியும் வெற்றிடத்தை வெறுக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

ஏன் அந்த மலை? ஒரே நாளில் கீழேயும் மேலேயும் பல தடவை அளக்க வேண்டும், அதே குழாய், அதே பாதரசம். அதற்கு ஊருக்குப் பக்கத்தில் உயரமான மலை வேண்டும். பாரிஸைச் சுற்றி அப்படி ஒன்று கிடையாது. பாஸ்கல் பிறந்த ஊரான கிளெர்மோனை ஒட்டியே சுமார் 500 துவாஸ் உயரத்தில் பூய்-து-டோம் இருந்தது.

ஏன் அத்தான்? பாஸ்கல் நோயாளி. 1647 செப்டம்பரில் அவரைப் பார்க்க வந்த டெகார்ட், படுக்கையிலேயே இருங்கள், சூப்பு குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மலை ஏறுகிற உடம்பு அதுவல்ல. அத்தான் கிளெர்மோன்காரர், விஷயம் தெரிந்தவர், குடும்பத்து மனிதர். ஆனால் இந்த மூன்றாவது தகுதிதான் பலவீனமும்கூட. வேண்டியவர் சொல்லும் எண்ணை வேண்டாதவர்கள் நம்புவார்களா? நகரத்தில் மதிப்புள்ளவர்களைச் சாட்சியாக அழைத்துக்கொள்வது என்று அத்தான் எடுத்த முடிவு இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. துறவி, பேராலயப் பாதிரியார், நீதிபதிகள், மருத்துவர் என்று ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பாருங்கள்: மறுக்க நினைக்கிறவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அங்கே ஒரு சாட்சி நிற்கிறார்.

## பத்து மாதத் தாமதம்

கடிதம் எழுதி பத்து மாதம் கழித்துத்தான் வேலை நடந்தது. அலுவல் காரணமாக அத்தான் பக்கத்து மாகாணமான பூர்போனேயில் இருந்தார். ஊர் திரும்பினால் மலையில் பனி, பனி போனால் மூடுபனி. ஊரில் வெயில் அடிக்கும்போதுகூட உச்சி மேகத்துக்குள் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

இந்தத் தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது. விடையை எல்லாரையும் விட ஆவலாகக் கேட்டிருக்கக்கூடிய மெர்சென் செப்டம்பர் 1ஆம் தேதி இறந்துபோனார். பதினெட்டு நாள் பொறுத்திருந்தால், அவருடைய சபையின் மடத்துத் தோட்டத்திலேயே சோதனை நடந்த செய்தியைக் கேட்டிருப்பார்.

## காலை: தோட்டத்தில்

அன்றும் வானம் நிலையாக இல்லை. காலை ஐந்து மணிக்கு மலையுச்சி கண்ணுக்குத் தெரிந்ததும் இன்றைக்கே போவது என்று அத்தான் முடிவு செய்து, சொல்லிவைத்தவர்களுக்கு ஆள் அனுப்பினார். எட்டு மணிக்கு எல்லாரும் மினிம் துறவிகளின் மடத்துத் தோட்டத்தில் கூடினார்கள். நகரத்தின் மிகத் தாழ்வான இடங்களில் ஒன்று அது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முந்தின மூன்று நாளும் சுத்தம் செய்துவைத்திருந்த 16 லிவ்ர் பாதரசத்தை, அதாவது கிட்டத்தட்ட 8 கிலோவை, ஒரு பாத்திரத்தில் ஊற்றினார்கள். நாலு நாலு அடி நீளத்தில், ஒரே பருமனில் இரண்டு குழாய்கள். இரண்டையும் நிரப்பிக் கவிழ்த்து, பாத்திரத்தைவிட்டு எடுக்காமலே பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி ஒட்டவைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பாதரசம் ஒரே மட்டம்: 26 அங்குலம் 3½ நூல். அதே இடத்தில் இன்னும் இரண்டு தடவை செய்தார்கள். மாற்றமில்லை.

அடுத்து எடுத்த முடிவுதான் என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் உயிர். ஒரு குழாயைத் தோட்டத்திலேயே நிறுத்தி, பாதரசம் நின்ற இடத்தைக் கண்ணாடியில் குறித்துவிட்டு, அந்த மடத்துத் துறவி ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். நாங்கள் மலைக்குப் போய்வரும் வரை இது ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவ்வப்போது பாருங்கள் என்றார்கள். மலையேறியவர்களைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். தோட்டத்தில் நாள் முழுக்க ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் துறவி இல்லாவிட்டால், மேலே கிடைத்த எண் பாதி எண்தான். பாதரசம் இறங்கியது உயரத்தாலா, அன்றைய வானிலையாலா என்று யாரும் கேட்டிருக்கலாம்.

## உச்சியில்

மலையுச்சியில் அளந்தபோது பாதரசம் 23 அங்குலம் 2 நூலில் நின்றது. தோட்டத்தை விட 3 அங்குலம் 1½ நூல் குறைவு. இன்றைய கணக்கில் சுமார் 85 மில்லிமீட்டர். எதிர்பார்த்துத்தான் ஏறினார்கள், இருந்தாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் வியந்து நின்றதாக அத்தானின் கடிதம் சொல்கிறது.

வியப்பு அடங்கியதும் சந்தேகம் வந்தது, அதுதான் அழகு. உச்சியிலேயே இடம் மாற்றி மாற்றி ஐந்து தடவை செய்தார்கள். அங்கிருந்த சிறு தேவாலயத்துக்குள் ஒரு தடவை, வெட்டவெளியில் ஒரு தடவை. காற்றுக்கு மறைவாக, காற்றில், வெயிலில், நடுநடுவே வந்துபோன மழையிலும் மூடுபனியிலும். ஒவ்வொரு தடவையும் குழாயில் காற்றுக்குமிழி தங்காமல் பார்த்துக்கொண்டார்கள். எல்லாத் தடவையும் அதே 23 அங்குலம் 2 நூல். குளிரோ ஈரமோ காற்றின் வேகமோதான் காரணம் என்று நாளை யாராவது சொல்வார்கள் என்பதை அங்கேயே யோசித்துவிட்டார்கள்.

## இறங்கும் வழியும் மறுநாளும்

வழியில் இடைப்பட்ட ஓர் இடத்தில், தோட்டத்திலிருந்து சுமார் 150 துவாஸ் உயரத்தில், மறுபடி அளந்தார்கள்: 25 அங்குலம். அங்கே பேராலயப் பாதிரியாரும் தம் கையாலேயே ஒரு தடவை செய்து பார்த்தார். இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. கீழே ஓர் எண், மேலே ஓர் எண் என்று நின்றிருந்தால் அது ஒரு வித்தியாசம் மட்டும்தான். நடுவில் ஓர் எண் வந்ததும் அது படிப்படியான மாற்றமாகிவிட்டது.

தோட்டத்துக்குத் திரும்பினால் அங்கிருந்த குழாய் காலையில் விட்ட 26 அங்குலம் 3½ நூலிலேயே இருந்தது. வெயிலும் மழையும் மூடுபனியும் காற்றும் மாறி மாறி வந்தும் பாதரசம் அசையவில்லை என்றார் துறவி. மலைக்குப் போன குழாயையும் அதன் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்தார்கள். அதே மட்டம்.

மறுநாள் வேறொரு பாதிரியார், பேராலயக் கோபுரத்தில் செய்து பார்க்கலாமே என்றார். கோபுரத்தடியிலிருந்து சுமார் 20 துவாஸ் மேலே ஏறியதும் 2 நூல் குறைந்தது. செப்டம்பர் 22ஆம் தேதி அத்தான் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். பாஸ்கல் பாரிஸில் சேன்-ஜாக் கோபுரத்தில் திரும்பச் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, அக்டோபரிலேயே சிறு புத்தகமாக அச்சிட்டார். அந்த வேகமும் ஒரு முடிவுதான். ஜனவரியில் அரச குடும்பம் இரவோடு இரவாகப் பாரிஸை விட்டு ஓடியது, பாரிஸ் அச்சகங்கள் மஸாரினைத் திட்டும் துண்டுப்பிரசுரங்களில் மூழ்கின. சில மாதம் தள்ளிப்போட்டிருந்தால் பாதரசத்தைப் பற்றி யார் அச்சிட்டிருப்பார்கள்?

## பின்பு நடந்தவை

1649இல் டெகார்ட் ஒரு கடிதத்தில் மனத்தாங்கலோடு எழுதினார்: இரண்டு வருடம் முன்பு இந்த யோசனையைப் பாஸ்கலுக்குச் சொன்னதே நான்தான், முடிவை அவரே எனக்குத் தெரிவித்திருக்க வேண்டும். இரண்டு பேரும் சந்தித்தபோது இந்த யோசனையைப் பற்றிப் பேசினார்களா என்பதற்குத் தெளிவான பதிவு இல்லை. மெர்சென்னும் மலையில் செய்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். ஆக, யோசனை ஒரே சமயத்தில் பல பேர் தலையில் இருந்தது. செய்து முடித்தவர்கள் கிளெர்மோன்காரர்கள்.

அத்தான் அதோடு நிற்கவில்லை. 1649 தொடங்கி 1651 வரை கிளெர்மோனில் நாள் தவறாமல் பாதரச மட்டத்தைக் குறித்துவந்தார். பாரிஸிலும் ஸ்டாக்ஹோமிலும் அதே வேலை நடந்தது. ஸ்டாக்ஹோமில் பார்த்தவர்களில் டெகார்ட்டும் ஒருவர், 1650 பிப்ரவரியில் இறக்கும் வரை. இந்தக் குறிப்புகளிலிருந்து தெரிந்தது என்னவென்றால், ஒரே ஊரில் ஒரே இடத்தில் நின்றாலும் பாதரசம் ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறி இறங்கும்.

## இன்று செய்தால் எதை மாற்றுவேன்

முதலில், கடிதத்தின் தேதி. 1647 நவம்பர் கடிதத்தை வெளியுலகம் பார்த்தது 1648 அக்டோபர் அச்சில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் அது பின்னால் எழுதிச் சேர்க்கப்பட்ட கடிதம் என்றே வழக்காடினார். பெரும்பாலானவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் எழுதிய அன்றே ஒரு நகலை மூன்றாம் மனிதரிடம் கொடுத்து வைத்திருந்தால் அந்த வழக்கே எழுந்திருக்காது. மூன்று நீதிபதிகள் இருந்த இடத்தில் இது யாருக்கும் தோன்றாமல் போனது ஆச்சரியம்தான்.

இரண்டாவது, வெப்பநிலை. அன்று எந்த இடத்திலும் அதை அளக்கவில்லை. 10 டிகிரி வித்தியாசத்துக்கே இந்த உயரத்துப் பாதரசம் அரை நூல் நீளும். 37½ நூல் வித்தியாசத்தில் அது ஒன்றுமில்லை. ஆனால் தேவாலயத்துக்குள்ளும் மழையிலும் அச்சுப்பிசகாமல் ஒரே எண் வந்தது என்று படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. நடுவில் வந்த சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களை ‘அதே அளவு’ என்று முழுமையாக்கி எழுதியிருக்கலாம். ஏமாற்று என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் அளவுப் பிழையைத் தனியாக எழுதும் வழக்கம் இல்லை.

மூன்றாவது, தோட்டத்துக் குழாய். பின்னால் எடுத்த குறிப்புகளை வைத்துப் பார்த்தால், செப்டம்பர் 19 மாதிரி நிலையில்லாத நாளில் அது அசையாமல் நின்றது அதிர்ஷ்டம். மலை வித்தியாசம் எந்த வானிலை மாற்றத்தையும் விடப் பெரியது, அதனால் முடிவு தப்பித்தது. கோபுரத்தில் கண்ட 2 நூலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மோசமான ஒரு காலை நேரத்தில் வானிலையே அந்த அளவு மாற்றிவிடும். ஆகவே கோபுரத்துக்கும் கீழே ஒரு குழாயும் அதைப் பார்க்க ஓர் ஆளும் வேண்டும்.

அந்தத் துறவிக்கும் ஒரு காகிதம் கொடுத்திருப்பேன். மணி அடிக்கும்போதெல்லாம் மட்டத்தை எழுதுங்கள், மாறாவிட்டாலும் எழுதுங்கள் என்று. மடத்தில் ஜெப நேரத்துக்கு மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். இப்போது நமக்குக் கிடைப்பது மாலையில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும். எத்தனை தடவை பார்த்தார், எந்த நேரத்தில் பார்த்தார் என்பது அதில் இல்லை.